பழைய டின், டிரம்முல கோழிக்கு முட்டை போடுற பெட்டி செஞ்சவங்க, என்னாச்சுன்னு சொல்லுங்க

செவலைக்காரன்:
எங்க வீட்ல நாலு கோழி. தரைவீடுதான், சிங்கப்பூர்ல இதுல 10 வரைக்கும் வளர்க்கலாம், எச்டிபில, அதான் அரசாங்க அடுக்குமாடி பிளாக்ல, கூடவே கூடாது, அதனால "எங்க பிளாக்ல வளர்க்கலாமா"ன்னு யாரும் ஆரம்பிச்சுராதீங்க. பழைய சாமான் வாங்குற காராங்கூனி அங்கிள்கிட்ட அந்த பெரிய சதுர பிஸ்கட் டின் ரெண்டு வாங்கி, படுக்க வச்சு, வாயில ஒரு சட்டம் அடிச்சு, உள்ள மரத்தூள் போட்டேன். மூணே நாள்ல செவலை உள்ள போயி உக்காந்துருச்சு, எனக்கு பெருமை தாங்கல. சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி இருக்கும், துணி எடுக்க பின்பக்கம் போனா அது வாயப் பொளந்துகிட்டு, தொண்டை மட்டும் படபடன்னு அடிச்சுக்குது, டின்ன தொட்டேன், கை சுட்டுருச்சு. அப்பவும் அது எந்திரிக்கல. தூக்கி வெளிய விடலாமா வேணாமான்னு தெரியாம நான் பாட்டுக்கு குடைய விரிச்சு டின்னுக்கு நிழல் காட்டிகிட்டு நின்னேன், பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு மாதிரி பாத்தாங்க. முட்டை போட்டதும் இறங்கி நேரா தண்ணிக்கு ஓடுச்சு. கொக்கரிக்கவே இல்ல. தினம் ஊரையே கூட்டுற கோழிங்க அது.

லோங்காங் ஓரம்:
உங்களுக்கு சூடு, எனக்கு சில்லுனு. நீல டிரம்ம பாதியா அறுத்து, மூடியில வட்டமா ஓட்டை போட்டு செஞ்சது. காலையில வேலைக்கு கிளம்புற அவசரத்துல பார்க்காம கைய விட்டேன், வழக்கமா வெதுவெதுன்னு இருக்கும், அன்னைக்கு வழவழன்னு சில்லுனு அசையுது. மலைப்பாம்பு! எங்க கருப்பிய முழுங்கிட்டு வயிறு உப்பி, உள்ள வந்த ஓட்டை வழியா வெளிய போக முடியாம சுருண்டு கிடக்கு. ஆளுங்க வந்து பிடிச்சுட்டுப் போனாங்க. லோங்காங், அதான் சாக்கடை, வழியாத்தான் வந்திருக்கும்னாங்க. இன்னைக்கு வரைக்கும் டார்ச் அடிக்காம எந்த டப்பாவுலயும் கை விடுறதில்ல, மாவு டப்பாவுல கூட.

ரெண்டு தலைமுறை கோழி:
செவலைக்காரன் தம்பி, கோவிச்சுக்காதீங்க, தப்பு வெயில் மேல மட்டும் இல்ல. பிஸ்கட் டின் ஒரு அடி கூட வராது, கோழி உள்ள போயி திரும்பி உக்கார ஒரு அடிக்கு ஒரு அடி, உயரமும் ஒரு அடியாவது வேணும். நாலு கோழிக்கு ஒரு பெட்டியே தாராளம், நீங்க பத்து வச்சாலும் எல்லாம் ஒண்ணுக்குத்தான் வரிசையில நிக்கும். வாயில மூணு நாலு அங்குலம் தடுப்பு வைங்க, இல்லன்னா மரத்தூள சீச்சி வெளிய தள்ளிரும், முட்டை உருண்டு உடையும், உடைஞ்சத ஒரு தடவை ருசி பாத்துச்சுன்னா அப்புறம் அந்தக் கோழிய திருத்துறது கஷ்டம். ராத்திரி உக்கார்ற கம்பு பெட்டிய விட உயரத்துல இருக்கணும், பெட்டி உயரமா இருந்தா அதுலயே தூங்கி அதுலயே எச்சம் போடும். மேல்மூடி சாய்வா வைங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு வைக்கோல் வேணாம், பூஞ்சை பிடிக்கும். மீன் கடை தெர்மாக்கோல் பெட்டி சூடு தாங்கும்னு எவனாவது சொல்லுவான், நம்பாதீங்க, கொத்திக் கொத்தி தின்னும். அப்புறம் செள்ளு, அது பகல்ல இடுக்குல ஒளிஞ்சிருந்து ராத்திரி ரத்தம் குடிக்கும், அதனால மரப்பெட்டிய விட கழுவி வெயில்ல காயவைக்கிற பிளாஸ்டிக் கூடைதான் நல்லது. என் அனுபவம்னு பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு தடவை பெயின்ட் வாளி வச்சேன், உருண்டுருச்சு.

லோங்காங் ஓரம்:
அண்ணே, பாம்பு பத்தி ஒரு வார்த்தை இல்லியே. கூண்டு வலை அரை அங்குலக் கண்ணு இருக்கணும், அதத்தான முதல்ல சொல்லணும்? பெட்டி அளவு சரியா இருந்து என்ன, உள்ள கோழி இருந்தாதான.

ரெண்டு தலைமுறை கோழி:
வலை பத்தி யாரு கேட்டா, தலைப்ப படிங்க.

செம்பவாங் பேத்தி:
சண்டை வேணாம். எங்க பாட்டி செம்பவாங் கம்பத்துல, அதான் அந்தக் காலத்து கிராமத்துல, இருந்தப்போ ஓட்டை விழுந்த அண்டாவுல கோணிய மடிச்சுப் போட்டு அடை வைப்பாங்களாம், செள்ளுக்கு அடுப்புச் சாம்பல். 21 நாளும் அடைக்கோழி பக்கத்துல யாரையும் விடமாட்டாங்களாம். பிளாக்குக்கு மாறினப்போ கோழியெல்லாம் ஆளுக்கு ஒண்ணா குடுத்துட்டு, அண்டாவ மட்டும் தூக்கிட்டு வந்துட்டாங்க. இப்போ அதுல கருவேப்பிலை நிக்குது, காரிடார்ல.

செவலைக்காரன்:
அண்ணன் சொன்ன மாதிரி ஈரச்சந்தையில காய்கறிக்கூடை ஒண்ணு கேட்டு வாங்கி, சாக்கு கட்டி, நிழல்ல வச்சேன். மத்த மூணும் அதுலதான் போடுது. செவலை மட்டும் ஏற மாட்டேங்குது. டின்ன தூக்கிப் போட்டாச்சு, ஆனா டின் இருந்த அதே இடத்துல, வெறும் சிமெண்டுத் தரையில போயி போடுது. மத்தியானம் ஆனா நான் இன்னும் குடையோட நிக்கிறேன்.