கதிரியக்கக் கழிவுக் களஞ்சியம்: ‘வேண்டாம்’ என்று சொல்ல ஊருக்கு எதுவரை உரிமை?

துளைமானி:
பயன்படுத்திய அணு எரிபொருளை 400–500 மீட்டர் ஆழத்தில் புதைக்க இடம் தேடும்போது, உள்ளூர் சம்மதத்தை எந்தக் கட்டத்தில் கேட்பது? பாதியில் விலக இடம் கொடுத்தால் திட்டமே கவிழ்ந்துவிடாதா? ஊருக்குத் தரும் பணம் லஞ்சமாகத் தெரியாமல் இருக்க வழி உண்டா?

பாறையடி:
கேட்காமல் துளை போட்டால்தான் கவிழும். சுவீடனில் சோதனைத் துளைக்குப் போன ஷின்னேஃபியெல் மலையில் மக்கள் 1980இல் காவல் குடில் போட்டு, 2000 வரை நகரவில்லை. 1992இல் கழிவு நிறுவனம் பாதையை மாற்றி, எல்லா நகராட்சிகளுக்கும் கடிதம் எழுதி விருப்பம் கேட்டது. ஸ்டூருமான் 1995இலும், மாலோ 1997இலும் வாக்கெடுப்பில் மறுத்தன. நிறுவனம் இரண்டையும் விட்டுவிட்டு வெளியேறியது. பார்க்கத் தோல்விதான், ஆனால் மறுத்தால் உண்மையிலேயே போய்விடுவார்கள் என்று மற்ற ஊர்கள் அங்கேதான் கண்டன. கடைசியில் தேர்வான எஸ்தம்மார் நகராட்சி மன்றம் 2020இல் 38–7 என ஒப்புக்கொண்டது, அரசு 2022 ஜனவரியில் அனுமதித்தது. நகராட்சியின் மறுப்பை அரசு மீறச் சட்டத்தில் ஒரு சந்து உண்டு. அதைத் தொட வேண்டியே வரவில்லை.

பின்லாந்தில் அந்தச் சந்தும் கிடையாது. அங்கே தேர்வான எவுரயோக்கி நகராட்சி மன்றம் 2000 ஜனவரியில் 20–7 என ஒப்புக்கொண்டது, அந்த டிசம்பரில் அரசு, 2001 மேயில் நாடாளுமன்றம் 159–3. ஊர் முதலில், நாடாளுமன்றம் கடைசியில். இந்த வரிசையைப் புரட்டாதீர்கள்.

எதிர்க்கேள்வி:
எவுரயோக்கியிலும் எஸ்தம்மாரிலும் ஏற்கெனவே அணுமின் நிலையம் இருக்கிறதே. பழகிய ஊர் சம்மதித்ததை வைத்து எல்லா ஊருக்கும் சூத்திரம் சொல்ல முடியாது.

வரைவாளர்:
பாதி சரி. ஆனால் பிரிட்டனில் செல்லாஃபீல்டு அணு வளாகம் இருக்கும் கோப்லேண்டும் பழகிய ஊர்தான். 2013 ஜனவரி 30 அன்று கோப்லேண்டும் அல்லர்டேலும் ‘சரி’ என்றன; மேலடுக்கில் இருந்த கம்ப்ரியா கவுண்டி மன்றம் ‘வேண்டாம்’ என்றது, தேடல் அதோடு நின்றது. கவுண்டி சொன்ன காரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: விலகும் உரிமை சட்டத்தில் எழுதப்படவில்லை, வெறும் வாக்குறுதியாகவே இருந்தது. ஆக விலகும் உரிமை திட்டத்தைக் கொல்லவில்லை, அது உறுதியாக இல்லாததுதான் சந்தேகத்தை வளர்த்தது. முதல் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டியது, எந்த மன்றத்தின் கையெழுத்து செல்லும் என்பது.

கணக்குப்பிள்ளை:
பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று ஊர் வளர்ச்சிக்கு. பிரிட்டனின் 2018 கொள்கையில் இது ஊருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் பவுண்டு வரை, ஆழ்துளை தொடங்கினால் 25 லட்சம் வரை. ‘சரி’ சொன்ன பிறகு பரிசாக வந்தால் லஞ்ச வாடை அடிக்கும். ஆய்வுக் கட்டத்திலேயே தர வேண்டும்.

இன்னொன்று கேள்வி கேட்பதற்கான பணம், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சுவீடனில் கழிவு நிதியிலிருந்தே நகராட்சி தனக்கென நிபுணர்களை அமர்த்தலாம். எதிர்க்கும் சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கும் அந்த நிதி போயிருக்கிறது. எரிபொருளை அடைத்துப் புதைக்கும் 5 செ.மீ. தடிமனுள்ள செம்புக் கலம், ஆக்சிஜன் இல்லாத நிலத்தடி நீரிலும் அரிக்குமா என்ற சந்தேகத்தை விடாமல் எழுப்பியவர்களில் அவர்களும் உண்டு. 2018 ஜனவரியில் சுற்றுச்சூழல் நீதிமன்றமே, அரிப்பு பற்றிய விளக்கம் போதாது என்று அரசிடம் சொன்னது. நிறுவனம் கூடுதல் ஆய்வு செய்து தர வேண்டியதாயிற்று. தாமதம்தான், ஆனாலும் மேடையில் பத்துக் கூட்டம் போட்டாலும் இந்த நம்பகம் கிடைக்காது.

பாறையடி:
அரசியல் உறுதி பற்றி ஒன்று. அமெரிக்கா 1982 சட்டத்தில் 1998 ஜனவரி 31 முதல் கழிவை ஏற்பதாக எழுதியது, அணுமின்சாரத்தில் யூனிட்டுக்கு 0.1 சென்ட் வசூலும் செய்தது. 1987இல் மற்ற இடங்களை நீக்கி நெவாடா மாநிலத்தின் யூக்கா மலையை மட்டும் வைத்தார்கள். 2002இல் நெவாடா ஆளுநரின் மறுப்பைக் காங்கிரஸ் மீறியது. அடுத்த ஆட்சி பணத்தை நிறுத்தியதும் எல்லாம் நின்றது. சட்டம், தேதி, நிதி மூன்றும் இருந்தும், மாநிலம் உடன் வராததால் தேர்தல் முடிவே திட்டத்தின் விதியாயிற்று.

துளைமானி:
நன்றி. அப்படியானால் விலகும் உரிமைக்கு முடிவுத் தேதி?

வரைவாளர்:
தேதி போடாதீர்கள், நிகழ்வைப் போடுங்கள். பிரிட்டனில் பொதுமக்கள் ஆதரவைச் சோதிக்கும் வாக்கெடுப்போ வேறு முறையோ நடக்கும் வரை விலகலாம். ‘சரி’ என்று முடிவு வந்த பிறகு இல்லை. துளை ஆய்வு முடிவுகள் கையில் வருமுன் அந்தச் சோதனையை வைத்துவிடக் கூடாது.