வெளுத்த சிவப்பு பெயிண்ட்: காம்பவுண்ட் போதுமா?

கேள்வி: திருவொற்றியூர்ல கடலோரமா வெயில்ல நிக்கிற சிவப்பு கார். பானெட், ரூஃப் ரெண்டும் வெளுத்து, தடவினா சொரசொரன்னு இருக்கு. காம்பவுண்ட் (பெயிண்டைத் தேய்ச்சு மெருகேத்துற பேஸ்ட்) போட்டா சரியாகுமா?

பதில் 1: நேரா காம்பவுண்ட் போடாதீங்க. உப்பும் தூசியும் படிஞ்சிருக்கும், அதோட தேய்ச்சா கோடு விழும். முதல்ல ஷாம்பூ வாஷ். பிறகு ஷாம்பூ தண்ணி தெளிச்சு க்ளே பார் (ஒட்டின அழுக்கை எடுக்கிற, களிமண் மாதிரி கட்டி) வச்சு, அழுத்தாம தேய்ங்க. க்ளே தரையில விழுந்தா தூக்கிப் போட்டுடுங்க. சொரசொரப்பு போனதும், நிழல்ல, ஒரு அடிச் சதுரத்துல மட்டும் காம்பவுண்ட் போட்டுப் பாருங்க.

பதில் 2: அண்ணன் சொன்னது சரி. காம்பவுண்ட் தேய்க்கிற துணியில சிவப்பு ஏறினா, ஒண்ணு க்ளியர் கோட் (கலருக்கு மேல போடற நிறமில்லாத பூச்சு) இல்லாத பெயிண்டா இருக்கும், இல்ல அந்தக் கோட் தேய்ஞ்சுபோயிருக்கும். முதல் வகை நல்லா மீளும். தோல் உரியற மாதிரி வெள்ளைத் திட்டு இருந்தா பாலிஷ் வீண், ரீபெயிண்ட்தான்.

பதில் 3: பானெட் ஓரத்துல பெயிண்ட் மெலிசு, மாஸ்கிங் டேப் ஒட்டிட்டுத் தேய்ங்க. கடைசியா வாக்ஸ். கடல்காத்துக்கு 2 மாசத்துக்கு ஒருமுறை போடணும்.