இரும்புச் சாவியும் கொலோசெயர் இரண்டாம் அதிகாரமும்

தூத்துக்குடி சகோதரி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பிசாசு, சாபம் என்று காணப்படாத உலகத்தைப் பற்றி இந்தக் குழுவில் ஒவ்வொருவரும் சொன்ன அனுபவத்தை வாசித்தேன். என்னுடையதைச் சொல்ல ரொம்ப நாள் தயக்கம். ஆனால் இன்று ராத்திரியும் யாராவது ஒருவர் லைட்டை அணைக்கப் பயந்து படுத்திருப்பார். அவருக்காக எழுதுகிறேன்.

நர்சிங் இரண்டாம் வருஷம். நைட் டியூட்டி முடித்து ஹாஸ்டலில் படுத்திருந்தேன். திடீரென்று முழிப்பு வந்தது, உடம்பு அசையவில்லை. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த பாரம். கால்மாட்டில் ஓர் ஆள் நிற்கிறது. ஃபேன் சத்தம் கேட்கிறது, பக்கத்துக் கட்டிலில் தோழி தலை சீவுவது தெரிகிறது. "இயேசுவே" என்று கூப்பிட வாயெடுக்கிறேன், நாக்கு எழும்பவில்லை. ஒரு நிமிஷம் இருக்குமா, தெரியாது. விட்டதும் கதறி அழுதேன். "இது அமுக்குவான், தூங்கும்போது நெஞ்சில் ஏறி அமுக்குகிற பேய்" என்றார்கள்.

அந்த மாதம் நாலைந்து தடவை வந்தது. லீவுக்கு ஊருக்குப் போனபோது, ஜெபிக்க வந்த ஒருவர் என் தலையில் கைவைத்துவிட்டு, "மூன்று தலைமுறைச் சாபம் இந்த வீட்டில் இருக்கிறது" என்றார். எங்கள் கொள்ளுத்தாத்தா சுடலைமாடன் கோயில் கொடையில் சாமியாடியவர். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். சாபம் முறிய வாராவாரம் உபவாசம், எண்ணெய், அப்புறம் காணிக்கை. ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு ஆவியின் பெயர் சொல்வார். அவர் வந்துபோன ராத்திரிகளில்தான் எனக்குப் பயம் அதிகம். ஆச்சி என் தலையணைக்கு அடியில் பைபிளை வைத்து, அதன்மேல் ஒரு பழைய இரும்புச் சாவியையும் வைத்தாள். பைபிள் மட்டும் போதும் என்று சொல்லும் தைரியம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

எங்கள் ஊர்ச் சபையைக் கவனிக்கிற உபதேசியார் விசாரிக்க வந்தார். தலையணையை நகர்த்தி, சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தார். திட்டவில்லை. ஆச்சியைப் பார்த்துக் கேட்டார்: "ஆச்சி, போன வருஷம் அடகு வச்ச காப்பைத் திருப்பிட்டீங்கள்லா? இப்போ கடைக்காரன் வீட்டுக்கு வந்து வட்டி கேட்டா குடுப்பீங்களா?"

"அதெப்படிக் குடுப்பேன்? பணம் கட்டிச் சீட்டைக் கிழிச்சாச்சே."

அவர் கலாத்தியர் 3:13ஐ எடுத்து ஆச்சியையே வாசிக்கச் சொன்னார். கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை "மீட்டுக்கொண்டார்" என்ற வார்த்தை வந்ததும் ஆச்சி நிறுத்திவிட்டாள். மீட்பு என்றால் நகையை மீட்கிற அதே மீட்புதான் என்று அதுவரை அவள் யோசித்ததே இல்லை போல. அப்புறம் கொலோசெயர் 2:14, 15. நமக்கு விரோதமாக இருந்த "கையெழுத்தைக் குலைத்து" சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று இருக்கிறது. அந்தக் கையெழுத்து கடன் வாங்கினவன் எழுதிக் கொடுக்கிற புரோநோட்டு என்று விளக்கினார். சாத்தான் என்ற எபிரெயச் சொல்லுக்கு எதிராளி என்று அர்த்தம். வெளிப்படுத்தல் 12:10ல் அவன் குற்றஞ்சுமத்துகிறவன். அவன் கையில் இருந்ததெல்லாம் அந்தக் காகிதம்தான். அதுவே கிழிந்த பிறகு எதைக் காட்டி வீட்டுக்குள் வருவான்? அடுத்த வசனத்தில் துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் "உரிந்துகொண்டு, வெளியரங்கமான கோலமாக்கி" என்று வருகிறது. எதிர்த்து நின்ற ஆவிகளின் பலத்தைப் பறித்து, எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைத்தார் என்று அர்த்தம். ரோமத் தளபதி ஜெயித்துத் திரும்பும்போது, தோற்றவர்களைத் தெருவில் ஊர்வலமாக நடத்திப்போவார்கள். இந்த நிருபத்தை எழுதிய பவுல் சொல்வது அந்தக் காட்சியை என்றார். ஏதேனில் ஸ்திரீயின் வித்து, அதாவது அவள் வம்சத்தில் வருகிறவர், சர்ப்பத்தின் தலையை நசுக்குவார் என்று சொன்ன நாளிலிருந்து தேவன் நடத்திவந்த காரியம் அந்தச் சிலுவையில் வந்து நின்றதாம்.

அன்றைக்கே எல்லாம் நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. அதற்கப்புறமும் இரண்டு தடவை வந்தது. டாக்டரிடம் காட்டினேன். தூக்கம் கெட்டு, நேரம் மாறி மாறித் தூங்குகிறவர்களுக்கு இப்படி வருவதுண்டு. மூளை முழித்தும் உடம்பு முழிக்காத நிலை என்றார். டியூட்டி மாறியதும் குறைந்துபோனது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பிசாசு உண்டு என்று முழுமனதாக நம்புகிறேன். ஆனால் அவன் என்னைப் பிடித்துவைத்திருந்த கயிறு அந்த அமுக்கல் இல்லை, பயம். மரணபயத்தினாலே ஜீவகாலமெல்லாம் அடிமைத்தனத்துக்குள் இருந்தவர்கள் என்று எபிரெயர் 2:15 சொல்கிறதே, அது நான்தான். கடைசியாக வந்த தடவையும் நாக்கு எழும்பவில்லை. மனசுக்குள் மட்டும், "சீட்டைக் கிழிச்சாச்சு" என்று சொன்னேன்.

மதுரை சகோதரன்:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் அப்பா வென்டிலேட்டரில் 17 நாள் இருந்தார். மரண ஆவியின் பெயரைச் சொல்லிக் கட்டு, அதாவது அதை அதட்டி அடக்கி ஜெபி, இன்னும் சத்தமாகக் கட்டு என்று வெளியில் இருந்தவர்கள் சொன்னார்கள். தொண்டை கட்டிப்போகும்வரை செய்தேன். அப்பா போய்விட்டார். நான் சரியாகக் கட்டவில்லை என்ற பாரம் வருஷக்கணக்காக இருந்தது.

தானியேல் 10ஆம் அதிகாரம்தான் அதை இறக்கிவைத்தது. தானியேல் தீர்க்கதரிசி மூன்று வாரம் துக்கித்திருக்கிறார். அந்த 21 நாளும் பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி என்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தி, அவரிடம் வருகிற தூதனை எதிர்த்து நிற்கிறது, பிரதான தூதன் மிகாவேல் உதவிக்கு வருகிறான். ஆனால் இதெக்கேல் ஆற்றங்கரையில் தூதன் வந்து சொல்லும்வரை தானியேலுக்கு இதில் ஒன்றுமே தெரியாது! யார் பெயரையும் சொல்லி அவர் கட்டவில்லை. தன் தேவனிடம் பேசிக்கொண்டு மட்டும் இருந்தார். "முதல்நாள் துவக்கி உன் வார்த்தைகள் கேட்கப்பட்டது" என்று தூதன் சொல்கிறான். அப்பாவுக்காக முதல் நாள் ஆஸ்பத்திரி படிக்கட்டில் உட்கார்ந்து, சத்தமே வராமல் நான் சொன்ன ஜெபம் ஒன்று உண்டு. அதுவும் கேட்கப்பட்டது என்று இப்போது நம்புகிறேன். ஏன் அவர் பிழைக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரைத் திரும்பப் பார்ப்பேன், அது தெரியும்.

ஒன்று கேட்கணும் அக்கா. அந்தச் சாவி என்ன ஆச்சு?

தூத்துக்குடி சகோதரி:

தம்பி, உங்கள் அப்பாவை நினைத்து இன்றைக்கு வீட்டில் எல்லோருமாகக் கர்த்தரை ஸ்தோத்திரித்தோம்.

சாவியை உபதேசியார் ஆச்சி கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அது ஆச்சியின் டிரங்குப் பெட்டிச் சாவி. அன்று சாயங்காலமே பெட்டியைத் திறந்து, எனக்கு ஒரு போர்வை எடுத்துக் கொடுத்தாள்.