தினசரி ஓட்டும் காருக்கே ட்ராக் டே பிரேக் பேட்: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

வணக்கம். ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அலுவலகத்திற்கும் இதே கார்தான். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ட்ராக் டே (சொந்தக் காரைத் தடத்தில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள்) நடக்கும்போது இதையே ஓட்டிச் சென்று, மாலையில் இதிலேயே வீடு திரும்புகிறேன். காருடன் வந்த பிரேக் பேடுகள் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுப் பட்டைகள்) முதல் சில சுற்றுகளில் நன்றாகப் பிடிக்கின்றன. அதன் பிறகு நேர்ப்பாதையின் முடிவில் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வேகம் குறைய மறுக்கிறது. பேடின் விளிம்பில் எஃப்எஃப், ஜிஜி என்று எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஜிஜி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் போதுமா?

பதில் 1

வாங்குவதற்கு முன், பிடி குறைந்தபோது பெடல் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெடல் கல் போல இறுகியிருந்தும் கார் நிற்கவில்லை என்றால், பேடில் உள்ள பிசின் அதிக வெப்பத்தில் சிதைந்து உராய்வை இழந்துவிட்டது என்று பொருள். பெடல் மெத்தென்று தரைவரை இறங்கியிருந்தால் கொதித்தது பிரேக் ஆயில். அப்போது எவ்வளவு விலை உயர்ந்த பேடை வாங்கினாலும் பயன் இருக்காது. பிரேக் ஆயிலுக்கான டாட் 4 என்ற தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் கலந்த பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரிதான். சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் பழைய ஆயிலை நம்பி ட்ராக்கிற்குப் போவது எனக்கு உடன்பாடில்லாத காரியம்.

எழுத்துகளைப் பொறுத்தவரை, முதல் எழுத்து மிதமான சூட்டில் உள்ள உராய்வையும், இரண்டாவது கூடுதல் சூட்டில் உள்ள உராய்வையும் குறிக்கின்றன. எஃப் என்பது உராய்வுக் கெழு 0.35 முதல் 0.45 வரை, ஜி என்பது 0.45 முதல் 0.55 வரை. ஆனால் அந்தச் சோதனை ஏறத்தாழ 340 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. ட்ராக்கில் டிஸ்க் அதைத் தாண்டிச் சென்ற பின் அந்தப் பேட் என்ன செய்யும் என்பதை அந்த எழுத்துகள் சொல்லா.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநருடன் 1,200 கிலோ எடையுள்ள கார் 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70-க்கு இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 8 லட்சம் ஜூல். அதில் முக்கால் பங்கு முன் டிஸ்க்குகளுக்குப் போகிறது, ஒவ்வொன்றும் 5 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு பிரேக்கிங்கில் அவற்றின் சூடு நூறு டிகிரிக்கு மேல் ஏறும். அது தணிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

பதில் 2

யோசிக்காமல் முழு ரேஸ் பேட் போட்டுவிடுங்கள். பாதிச் சூட்டிலேயே திணறும் பேடோடு ஓட்டுவதைவிட, சத்தம் போட்டாலும் நிற்கும் பேட் மேல்.

பதில் 3

மேலே உள்ள யோசனை, காரை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவருபவருக்குப் பொருந்தும். ஓட்டியே வீடு திரும்புபவருக்குப் பொருந்தாது. முழு ரேஸ் பேடுகள் பலவற்றில் சூடேறாத நிலையில் பிடி மிகக் குறைவு. பெங்களூரு நெடுஞ்சாலையில் நெடுநேரம் பிரேக்கைத் தொடாமல் வந்து, திடீரென்று முன்னால் ஒரு லாரி நிற்கும்போது உங்களிடம் இருப்பது குளிர்ந்த பேடுதான். கீச்சிடுவதும், இரும்புத் துகள் அலாய் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு கறையாவதும் அதற்கு அடுத்த கவலைகள்.

தெருவுக்கும் ட்ராக்கிற்கும் இடைப்பட்ட வகை ஒன்றை எடுங்கள். ஃபெரோடோ டிஎஸ் 2500 அதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. எதை வாங்கினாலும், உச்ச உராய்வு எவ்வளவு என்று கேட்பதைவிட, குளிர்ந்த நிலையிலிருந்து சூடான நிலைவரை அந்த உராய்வு எவ்வளவு சீராக இருக்கிறது என்று உற்பத்தியாளரின் வரைபடத்தில் பாருங்கள். உங்கள் காரில் பின்னால் டிரம் இருப்பதால், முன்பக்கப் பிடியை மட்டும் அளவுக்கு மீறி உயர்த்தினால் முன்சக்கரங்களில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சீக்கிரமே குறுக்கிடும். பின்பக்கம் செய்யும் வேலையும் குறையும்.

உண்மையான வெப்பநிலையை அறிய டிஸ்க்கின் விளிம்பில் பூசும் வண்ணப்பூச்சு கிடைக்கிறது. பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். பச்சை மட்டும் மாறியிருந்தால் இடைப்பட்ட வகையே போதும். சிவப்பும் மாறியிருந்தால், பேடை மாற்றும் முன் டிஸ்க்கிற்குக் காற்று போக வழி செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பெடல் இறுகித்தான் இருந்தது, ஆகவே குறை பேடில்தான் என்று புரிகிறது. இடைப்பட்ட வகையை வாங்கி, ஆயிலையும் மாற்றிவிடுகிறேன். டாட் 5 ஊற்றினால் இன்னும் நல்லதா? பழைய டிஸ்க்கிலேயே புதிய பேடைப் போடலாமா?

பதில் 1

டாட் 5 சிலிகான் வகை. மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் உள்ள உங்கள் காருக்கு வேண்டாம். கொதிநிலை கூடுதலாக வேண்டுமென்றால் டாட் 5.1 வாங்குங்கள், பெயர் ஒத்திருந்தாலும் அது டாட் 4-இன் குடும்பம், தரத்தின்படி புதியதாக 260, ஈரம் கலந்த பின் 180.

பழைய டிஸ்க்கில் பழைய பேடின் படலம் படிந்திருக்கும். அதன் மேல் வேறு கலவையைத் தேய்த்தால் படிவு சீரற்றுப் போய் நடுக்கம் வரலாம் என்பதால், டிஸ்க்கின் தடிமன் இடங்கொடுத்தால் மேற்பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுப் பொருத்துங்கள். பிறகு, பேடுடன் வரும் தாளில் உள்ள முறைப்படி, முழுதாக நிறுத்தாமல் படிப்படியாகச் சூடேற்றிப் பழக்கி, நன்றாக ஆறவிடுங்கள். பேடில் பாதித் தடிமன் தேய்ந்ததும் ட்ராக்கிற்கு அதை நம்பாதீர்கள். மெலிந்த பேட் சூட்டை நேரே பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்திவிடும்.

பதில் 3

கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டிவிட்டு உள்ளே வாருங்கள். பிட்டில் (தடத்தின் ஓரம் கார்களை நிறுத்தும் இடத்தில்) நிறுத்தியதும் பெடலை மிதித்தபடியே இருக்க வேண்டாம், ஹேண்ட்பிரேக்கும் போட வேண்டாம்; கியரில் விட்டு, சக்கரத்திற்குக் கட்டை வையுங்கள்.