மறு: தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்த நாவல்களுக்குப் பெயர் வேண்டும் (வெள்ளிக்குள்)

அனுப்புநர்: க.

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பிரித்தானிய அறிபுனைகதை பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு கட்டுரையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ‘டாக்டர் ஹூ’ தொடரை ஒட்டி வந்த காலப்பயண நாவல்களைப் பற்றியது அது. டாக்டர் என்று அழைக்கப்படும் ஒருவர் துணைமாந்தர்களோடு ஒரு கலத்தில் ஏறிக் காலம்விட்டுக் காலம் போகும் தொலைக்காட்சித் தொடர். தொடர் 1963 நவம்பரில் பிபிசியில் தொடங்கியது. அடுத்த ஆண்டே முதல் நாவல் வந்துவிட்டது.

இவற்றில் இரண்டு வகை. ஒளிபரப்பான கதையையே எடுத்து நாவலாக எழுதுவது ஒன்று. அதை நாவலைசேஷன் என்கிறார்கள். 1973 முதல் டார்கெட் வரிசையில் வந்தவை இப்படிப்பட்டவை. டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே 60-க்கும் மேல் எழுதியிருக்கிறார். மற்றது, தொடரின் மாந்தர்களை வைத்துக்கொண்டு திரையில் வராத புதுக்கதை சொல்வது. 1989-இல் தொடர் நின்றுபோனபின், 1991 முதல் வெர்ஜின் பதிப்பகம் கொண்டுவந்தவை இந்த வகை. கட்டுரையாளர் இவற்றை டை-இன் என்று தனியாகப் பிரிக்கிறார்.

முதலாவதற்கு ‘நாவலாக்கம்’ என்று போட்டேன். அது செயலைக் குறிக்கிறது, புத்தகத்தைக் குறிக்கவில்லை. ‘அவர் 60 நாவலாக்கம் எழுதினார்’ என்பது காதை உறுத்துகிறது. இரண்டாவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. கட்டுரையின் வாதமே இரண்டையும் பிரிப்பதில்தான் நிற்கிறது. ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்ற வழியில்லை. கைகொடுங்கள்.

அன்புடன்
க.

————

அனுப்புநர்: ந.

அன்புள்ள க.,

இதற்குப் புதுச்சொல்லே வேண்டாம் அம்மா. நன்னூல் பாயிரத்தைத் திறங்கள். முதல், வழி, சார்பு என நூல் மூன்று. வழிநூலுக்குப் பவணந்தியார் தரும் இலக்கணம்:

‘முன்னோர் நூலின் முடிபுஒருங்கு ஒத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி
அழியா மரபினது வழிநூல் ஆகும்.’

முடிவு முன்னதோடு ஒத்திருக்க வேண்டும். நடுவில் பின்னோன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் செய்துகொள்ளலாம். நீங்கள் சொல்லும் முதல் வகை இதுதானே? சார்பு நூலைப் புடைநூல் என்றும் சொல்வார்:

‘இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித்
திரிபுவேறு உடையது புடைநூல் ஆகும்.’

முதல்நூலோடும் வழிநூலோடும் ஒரு பக்கம் ஒட்டி, மற்றபடி தன் போக்கில் வேறுபட்டுச் செல்வது. உங்கள் இரண்டாம் வகைக்கு இதைவிடப் பொருத்தமாக யார் எழுதிவிட முடியும்? தொல்காப்பிய மரபியலும் வழிநூலை நான்காகப் பகுக்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல். அரைமணி நேரப் பகுதிகள் பலவற்றை ஒரு மெல்லிய புத்தகத்துக்குள் அடக்குவது தொகுத்தல். ஒரே பகுதியை முழு நாவலாக்கினால் விரித்தல். அந்தக் கட்டுரையாளருக்குக் கிடைக்காத உட்பிரிவுகள்கூட நம்மிடம் இருக்கின்றன.

வழிநாவல், சார்புநாவல். முடிந்தது.

ந.

————

அனுப்புநர்: ர.

ந. ஐயா, படித்ததும் மெய்சிலிர்த்தது. அந்த 1964 நாவலை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். டேவிட் விட்டேக்கர் எழுதியது. தொலைக்காட்சியில் இயனும் பார்பராவும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள்; மாணவி ஒருத்தியைப் பின்தொடர்ந்து போய்ப் பழைய சாமான் கிடங்கில் டாக்டரின் கலத்தைக் காண்கிறார்கள். நாவலில் அதெல்லாம் இல்லை. மூடுபனி, பார்ன்ஸ் காமன் என்னும் திறந்தவெளி, ஒரு கார் விபத்து, அங்கேதான் இருவரும் முதல்முறை சந்திக்கிறார்கள். கதையைச் சொல்பவனும் இயன்தான், ‘நான்’ என்று தன்மையில். தொடரின் முதல் கதையான கற்கால மனிதர் கதையைத் தாண்டி நேரே டாக்டரின் எதிரிகளான டாலெக்குகளின் கோளுக்குப் போய்விடுகிறது. முடிவு மட்டும் திரையில் கண்டதுதான். ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’ என்பதற்கு உரை எழுதியதுபோல் இருக்கிறது!

————

அனுப்புநர்: செ.

நண்பர்களே,

வழி, சார்பு இரண்டையும் ஏற்கிறேன். ‘நாவல்’ என்பதை ஏற்க முடியாது. இலக்கண நூலின் சொல்லை எடுத்து, அதன் கழுத்தில் இத்தாலிய நொவெல்லாவைக் கட்டித் தொங்கவிடுகிறோம். புதினம் என்று இருக்கிறதே என்பீர்கள். ஈழத்தில் புதினம் என்றால் செய்தி.

என் முன்மொழிவு: நவிலம். நவிலுதல் என்றால் சொல்லுதல், பயிலுதல். நா, நாவு, நவில் மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் கருத்து. குறளைப் பாருங்கள்: ‘நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு.’ நவில், நூல், தொடர் மூன்றும் ஒரே குறளில்! தொடரிலிருந்து வந்த நூலுக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? ‘நாவல்’ என்று பழகிய காதுக்கும் ‘நவிலம்’ அதிகம் அந்நியப்படாது. வழிநவிலம், சார்நவிலம்.

இன்னொன்று. க. அவர்கள் போகிறபோக்கில் ‘காலப்பயணம்’ என்று எழுதிவிட்டார். பயணம் பிரயாணத்தின் திரிபு. நம் சொல் செலவு. ‘செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்’ என்பது தொல்காப்பியம். காலச்செலவு என்று எழுதுங்கள். ‘காலம்’ கால் என்னும் வேரில் பிறந்தது, ஓடுவது என்று பொருள் என்பது என் கருத்து. அதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

செ.

————

அனுப்புநர்: மா.

> காலச்செலவு என்று எழுதுங்கள்

செ. அவர்களே, ‘காலச்செலவு நாவல்’ என்று அட்டையில் கண்டால், படிக்க நிறைய நேரம் பிடிக்கும் புத்தகம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். செலவு இன்று கணக்குப் புத்தகத்துக்குள் குடிபோய்விட்டது. அதை வெளியே இழுத்துவர க.-வின் கட்டுரை இடமல்ல. பயணம் என்ற சொல்லைத் தமிழர் பயன்படுத்தத் தொடங்கிப் பல தலைமுறைகள் ஆயிற்று.

————

அனுப்புநர்: ந.

மா. சொல்வது நடைமுறைக்குச் சரி. ஆனாலும் செலவு என்ற சொல்லை இவ்வளவு எளிதில் கைவிட மனம் வரவில்லை. அகத்திணையில் செலவழுங்கல் என்று ஒரு துறை உண்டு. பொருள்தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியின் முகம் பார்த்துப் போகாமல் நிற்கிறான். ‘செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே, வன்புறை குறித்தல் தவிர்ச்சி ஆகும்’ என்கிறது தொல்காப்பியக் கற்பியல். நின்றது போகாமலிருக்க அன்று, அவளைத் தேற்றிவிட்டுப் போகத்தான். கலத்தின் கதவருகே ஒரு கால் உள்ளும் ஒரு கால் வெளியுமாக நிற்கும் துணைமாந்தர்கள் இந்த நாவல்களில் வருவார்கள் அல்லவா? அந்த நிலைக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது.

————

அனுப்புநர்: ர.

ஐயா, இழைக்கு வெளியே ஒரு கேள்வி. இந்த நாவல்களின் உரையாடலில் வினைமுற்று படாதபாடு படுத்துகிறது. ‘நான் அவரை நாளை சந்தித்தேன்’ என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது?

————

அனுப்புநர்: ந.

அப்படியே எழுதுங்கள். ‘வாராக் காலத்தும் நிகழும் காலத்தும் ஓராங்கு வரூஉம் வினைச்சொல் கிளவி இறந்த காலத்துக் குறிப்பொடு கிளத்தல் விரைந்த பொருள’ என்பது தொல்காப்பிய வினையியல். யாராவது கூப்பிட்டால் இருந்த இடத்தைவிட்டு எழாமலே ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோமே, அதுதான். விரைவுக்காக வராத காலம் இறந்த காலமாகிறது. இறப்பும் எதிர்வும் மயங்கி வருவதற்கும் அதே இயலில் இடம் உண்டு. நாவலாசிரியருக்குக் கலம் தேவைப்பட்டது. நமக்கு வினைமுற்றே போதும்.

————

அனுப்புநர்: க.

எல்லாம் மிக இனிமையாக இருக்கிறது, ஆனால் இன்று புதன். நவிலம் வேண்டாம், செ. அவர்கள் பொறுத்தருள வேண்டும்; அதற்கே ஓர் அடிக்குறிப்பு தேவைப்படும். காலப்பயணம் காலப்பயணமாகவே இருக்கட்டும். வழிநாவல், சார்புநாவல் இரண்டையும் யாராவது முன்னறிமுகம் இல்லாதவர்களிடம் சொல்லிப் பார்க்க முடியுமா?

————

அனுப்புநர்: மா.

என் வகுப்பில் விளக்கம் ஏதும் தராமல் இரண்டு சொற்களையும் பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். ‘வழிநாவல்’ என்றதும் வந்த முதல் பதில், வழியில் படிக்கிற நாவல். இரண்டாவது, சாலையோர நாவல் மரம். ‘சார்புநாவல்’ இன்னும் மோசம். ஒரு மாணவி, ‘கட்சி சார்பா எழுதினதா, சார்?’ என்றார். அவர் மேல் தவறில்லை. இன்று செய்தித்தாளில் சார்பு என்ற சொல் பல இடங்களில் பாரபட்சம் என்ற பொருளில் வருகிறது.

நன்னூல் வரையறையைச் சொன்னபின் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் சொல்லிக் கொடுத்தால்தான் விளங்கும் என்றால் பொதுவாசகருக்கு எப்படி? எதன் வழி, எதன் சார்பு என்பதைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிடலாம்: திரைவழி நாவல், தொடர்சார் நாவல். ‘சார்’ என்று சுருங்கும்போது அந்தக் கட்சி வாடையும் போய்விடுகிறது.

————

அனுப்புநர்: செ.

திரை என்றால் சினிமா. தொடர் என்றால் வார இதழில் வரும் தொடர்கதை. இந்த இரண்டு சொற்களிலும் தொலைக்காட்சி எங்கே இருக்கிறது?

மேலும், ந. ஐயாவிடம் ஒரு கேள்வி. முதல்நூல் ‘வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது’, அதாவது வினை நீங்கித் தெளிந்த அறிவுடைய முதல்வன் ஒருவன் தந்தது. ஒரு நிலையத்தின் எழுத்தாளர்களும் இயக்குநர்களும் வாராவாரம் கூடிச் செய்த தொடரை எப்படி அந்த இடத்தில் வைப்பீர்கள்? முதல்நூல் இல்லையென்றால் வழிநூலும் இல்லை.

————

அனுப்புநர்: ர.

> முதல்நூல் இல்லையென்றால் வழிநூலும் இல்லை

இதை மறுக்க ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1960-களில் ஒளிபரப்பான பல பகுதிகளின் நாடாக்களை பிபிசியே பின்னாளில் அழித்துவிட்டது. ரசிகர்கள் வீட்டில் பதிந்துவைத்திருந்ததால் ஒலி மட்டும் தப்பியது. அந்தக் கதைகளை நான் நாவலில்தான் முதலில் அறிந்தேன். பல வாசகர்களுக்கும் அப்படித்தான். முதல் அழிந்துவிட்டது, வழி நிற்கிறது.

நமக்கு இது புதிதா? அகத்தியம் முதல்நூல், தொல்காப்பியம் அதன் வழிநூல் என்பது உரைமரபு. அகத்தியம் இன்று கையில் இல்லை. உரைகளில் மேற்கோளாக வரும் சில சூத்திரங்கள்தான் மிச்சம், அந்த ஒலிநாடாக்கள்போல. அதற்காகத் தொல்காப்பியத்தை வழிநூல் இல்லை என்று யார் சொன்னார்கள்?

————

அனுப்புநர்: ந.

ர., இந்த ஒரு மடலுக்காக இந்த இழை முழுவதையும் படித்துவிடலாம்.

செ. கேட்டது நியாயமான கேள்வி. முனைவன் என்பதற்கு உரையாசிரியர்கள் இறைவன் என்றே பொருள் கொண்டார்கள். நான் அந்த இடத்தைத் தொலைக்காட்சிக்குத் தரவில்லை. முன்பின் உறவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் மா.வின் சொற்களில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘திரைவழி’ என்றால் திரையின் மூலமாக என்று பொருள்படும், இணையவழி என்பதைப்போல. வழிநூல் என்பதில் இருக்கும் பின்தோன்றல் என்ற பொருள் அதில் கரைந்துவிடுகிறது. மாணவர் முதலில் தடுமாறுவது தவறா? தொலைக்காட்சி என்ற சொல்லையும் ஒருநாள் யாரோ முதன்முதலாகக் கேட்டு விழித்திருப்பார்கள்.

————

அனுப்புநர்: ர.

ஐயாவின் பகுப்புக்கே ஒரு சிக்கல் வந்து நிற்கிறது. 1995-இல் பால் கார்னெல் ‘ஹியூமன் நேச்சர்’ என்று ஒரு நாவல் எழுதினார். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, ஓர் ஆங்கிலப் பள்ளியில், தான் யார் என்பதையே மறந்து சாதாரண மனிதனாக வாழும் டாக்டர். திரையில் வராத கதை, ஆகவே சார்புநாவல். 2007-இல் அவரே அதைத் தொடருக்குத் திரைக்கதையாக எழுதினார். நாவலில் இருந்தவர் ஏழாம் டாக்டர், திரையில் பத்தாம் டாக்டர் (டாக்டராக நடிப்பவர் மாறும்போது எண்ணும் மாறும்). முடிபு பெரிதும் ஒத்தது, விகற்பம் உண்டு. அப்படியானால் 2007 பகுதி அந்த நாவலுக்கு வழிநூல். அந்த நாவலோ தொடருக்குச் சார்பு. தொடர் தன் சார்புக்கே வழியாகிறது!

————

அனுப்புநர்: மா.

அதனால்தான் வழி, சார்பு என்று உறவைச் சொல்லும் சொற்களைவிட, எங்கிருந்து வந்தது என்று சொல்லும் சொற்கள் பாதுகாப்பு என்கிறேன்.

————

அனுப்புநர்: செ.

நவிலம் என்றிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

————

அனுப்புநர்: க.

அனைவருக்கும் நன்றி. வியாழன் இரவு இதை எழுதுகிறேன். காலையில் கோப்பை அனுப்பியாக வேண்டும்.

கருத்துச் சொன்னவர்களில் பெரும்பான்மை மா.வின் பக்கம். தனிமடலில் எழுதிய இருவரும் அப்படியே சொன்னார்கள். அதில் ஒருவர் ‘எதையாவது போடுங்கள் அம்மா’ என்றே முடித்திருந்தார். ஆகவே கட்டுரை உடலில் திரைவழி நாவல், தொடர்சார் நாவல். எனக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். ‘டெரன்ஸ் டிக்ஸ் 60-க்கும் மேற்பட்ட திரைவழி நாவல்களை எழுதினார்’ என்று படித்துப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. கலைச்சொல் பட்டியலில் வழிநாவல், சார்புநாவல் இரண்டையும் மாற்றுச்சொல்லாகச் சேர்த்து, நன்னூல் நூற்பாக்களையும் தந்திருக்கிறேன். அகத்தியம் பற்றிய ர.வின் ஒப்பீட்டை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்க்கலாமா என்று பதிப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.

கட்டுரையின் இறுதியில் ஓர் அட்டவணை உண்டு: ஆண்டு, தலைப்பு, வகை. எல்லா வரிசையும் நிரப்பிவிட்டேன். 2007 வரிசையில் வகைக்குரிய கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. காலை 9 மணிவரை நேரம் இருக்கிறது.

க.

————

அனுப்புநர்: ந.

அந்தக் கட்டத்தில் எதையும் போட்டுவிடாதீர்கள். மரபியலையும் அதற்குப் பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர் எழுதிய உரையையும் எடுத்து வைத்திருக்கிறேன். எட்டு மணிக்குள் எழுதுகிறேன்.

————

அனுப்புநர்: செ.

என் கருத்து பதிவில் இருக்கட்டும்: காலச்செலவு, நவிலம். ‘கால்’ வேர் பற்றிய மடல் தனியே வருகிறது.