சபா மழைக்காட்டில் எங்கே தங்குவது: சொகுசு விடுதியா, சிக்கன விடுதியா?

மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போகிறவர்கள் கினாபாத்தாங்கான் ஆற்றுக்கும் டானும் பள்ளத்தாக்குக்கும் ஒரே கணக்குப் போடாதீர்கள். கினாபாத்தாங்கானில் சொகுசு விடுதிப் படகும், சுக்காவ் கிராமத்துச் சிக்கன விடுதிப் படகும் போவது ஒரே ஆற்றில்தான். நீள்மூக்குக் குரங்குகள் சாயங்காலம் உறங்குவதற்கு ஆற்றோர மரங்களுக்கு வந்துவிடும். அறை எதுவானாலும் அந்தக் காட்சி கிடைக்கும்.

ஏமாறுவது படகுக் கணக்கில். மலிவான அறை வாடகையில் பல இடங்களில் படகு சேராது. எத்தனை சவாரி, ஒரு படகில் எத்தனை பேர், கரையோரம் நெருங்கும்போது ஓட்ட மின்மோட்டார் உண்டா என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டு இரவாவது தங்கினால்தான் இரண்டு மாலை, இரண்டு காலைச் சவாரி கிடைக்கும். ஒரே இரவென்றால், மாலையில் மழை பிடித்ததும் பாதிப் பயணம் போய்விடும்.

* * *

டானும் வேறு கதை. 438 சதுர கிலோமீட்டர் பாதுகாக்கப்பட்ட தாழ்நிலக் காடு, வானளாவிய மரங்கள். விலங்குகள் உச்சியில் இருக்கும். கிளை முறியும் ஓசையையும் பழம் விழும் ஓசையையும் வைத்து ஓராங்ஊத்தானைக் கண்டுபிடிக்கிற வழிகாட்டிக்குத்தான் இங்கே காசு. சொகுசு விடுதியில் அவர் கட்டணத்திலேயே சேர்த்தி. ஆராய்ச்சி நிலையத்தின் பொதுப் படுக்கைக்கூடம் மலிவுதான்; ஆனால் வழிகாட்டி, இரவில் விலங்கு பார்க்கப் போகும் வண்டி, லகாட் டத்து ஊரிலிருந்து வரும் வண்டி எல்லாவற்றையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். இரண்டு பேர் போனால் சிக்கனம் பாதி கரைந்துவிடும். நான்கு பேர் செலவைப் பகிர்ந்தால் நிச்சயம் லாபம்.

* * *

கேமரா கொண்டு போகிறவர்கள் கவனிக்க. ஏசி அறையிலிருந்து விடிகாலை நேரே வெளியே வந்தால் லென்சில் ஆவி படியும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். குளிர்ந்த கண்ணாடியில் காட்டின் ஈரக்காற்று படுவதுதான் காரணம். கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே, பையின் ஜிப்பைத் திறக்காமல் திண்ணையில் வையுங்கள். மின்விசிறி மட்டும் உள்ள அறையில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே துணிதான் காயாது. அதனால் மூன்று ஜோடி காலுறையும், அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்க இறுக்கமாக நெய்த நீளக் காலுறை ஒரு ஜோடியும் எடுத்துக்கொள்ளுங்கள். கால்சட்டை விளிம்பை இந்த நீளக் காலுறைக்குள் செருகிய பிறகே முழங்காலுக்குக் கீழே கட்ட வேண்டும். வெளியே விட்டால் அட்டை துணிக்குள்ளேயே மேலேறும்.