வெட்டுக்கூட்டில் மருத்துவப் பட்டு: தர்மபுரியில் நடக்குமா?

அதியமான்கோட்டை:
பட்டுக்கூடு அங்காடிக்கு வர்ற கூட்டில் ஓட்டை, கறை இருக்கிறதெல்லாம் நூற்புக்கு ஆகாம அடிமாட்டு விலைக்குப் போகுது. அதைப் பட்டுப்புரதக் கரைசலாக்கி, புண்ணுக்குப் போடும் படலம் செய்யலாம்ங்கிறது என் வாதம். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக முறை வெளிப்படையாவே இருக்கு. 5 கிராம் கூட்டை வெட்டிப் புழுவை எடுத்துட்டு, 2 லிட்டர் கொதிநீரில் 4.24 கிராம் சோடியம் கார்பனேட் போட்டு 30 நிமிடம். இழைகளை ஒட்டி வைக்கிற செரிசின் பசை கழன்று எடை கால்வாசி குறையும். அலசிக் காயவெச்சு, 9.3 மோலார் லித்தியம் புரோமைடில் 60 டிகிரியில் 4 மணி நேரம் கரைக்கணும். அப்புறம் உப்பை மட்டும் வெளியே விடற டயாலிசிஸ் பையில் 2 நாள், தண்ணியை 6 தடவை மாத்தணும். இதுக்கு எதுக்குப் பெரிய ஆலை?

ஓசூர்_பாலிமர்:
அண்ணே, ஓட்டைக் கூட்டை எடுத்தீங்கன்னா ஆரம்பத்திலேயே கோளாறு. பட்டுப்புழுவைத் தின்னும் ஒட்டுண்ணியான ஊசி ஈ துளைச்ச கூட்டுக்குள்ளே செத்த புழு அழுகி பாக்டீரியா பெருகும். கொதிக்க வெச்சா பாக்டீரியா சாகும், அது விட்டுப்போன எண்டோடாக்சின்ங்கிற நச்சு அப்படியே நிக்கும். 121 டிகிரி ஆட்டோகிளேவை (அழுத்த நீராவிக் கலனை) நம்பியும் பயனில்லை. கண்ணாடிச் சாமானா இருந்தா 250 டிகிரி உலர் சூட்டில் 30 நிமிடம் வெச்சு அழிக்கலாம். பட்டை அப்படி வெச்சா மிஞ்சறது கரிதான்.

அதியமான்கோட்டை:
சரி, கறைக்கூடு வேண்டாம். பட்டுப்புழு முட்டை உற்பத்தி நிலையங்களில் ஆண், பெண் பிரிக்க விதைக்கூட்டை (முட்டைக்குன்னு ஒதுக்கின கூட்டை) வெட்டறாங்களே, அந்த வெட்டுக்கூட்டில் புழு அழுகவே இல்லை. அதை எடுத்துக்கலாம்.

காவேரிப்பட்டணம்:
தண்ணியைப் பத்தி யாருமே பேசலையே! நம்ம ஊர் போர் தண்ணி கடினத்தன்மையும் ஃப்ளோரைடும் சேர்ந்தது. அதில் கார்பனேட் போட்டா கால்சியம் கார்பனேட் வெள்ளையா இழை மேலேயே படியும். கடைசியில் கரைசல் கலங்கினா புரதத்தைக் குறை சொல்லுவீங்க. கொதிக்க, அலச, டயாலிசிஸுக்கு, எல்லாத்துக்கும் அயனி நீக்கிய தண்ணிதான்.

ஓசூர்_பாலிமர்:
வெட்டுக்கூடு பரவாயில்லை, ஒத்துக்கிறேன். ஆனா லித்தியம் புரோமைடு ஒரு லிட்டர் கரைசலுக்கே 800 கிராமுக்கு மேல் வேணும், அந்தக் காசை எந்தக் கணக்கில் எழுதுவீங்க?

அதியமான்கோட்டை:
கால்சியம் குளோரைடு, எத்தனால், தண்ணி 1:2:8 மோல் விகிதத்தில் மலிவா முடியுமே.

ஓசூர்_பாலிமர்:
முடியும். ஆனா கால்சியம் முழுசாப் போகலைன்னா கரைசலின் போக்கே மாறிடும், ஒரு தொகுதி மாதிரி அடுத்தது இருக்காது. கொதிக்கிற நேரமும் அப்படித்தான். 30 நிமிடம் 60 ஆனா புரதச் சங்கிலி அறுந்து படலம் பொடிப்பொடியா உடையும். குறைச்சா செரிசின் மிஞ்சி உடம்பு எதிர்க்கும். படலத்தை மெத்தனாலிலோ நீராவி ஈரத்திலோ பதப்படுத்தாம விட்டா புண் கசிவிலேயே கரைஞ்சிடும். திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் செயற்கை இதய வால்வே நாலாவது மாதிரியில்தான் தேறி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினாங்க.

அதியமான்கோட்டை:
வால்வையும் மேல்கட்டையும் ஒரே தராசில் வைக்காதீங்க தம்பி. 2017 மருத்துவக் கருவி விதிகளில் ஆபத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை வகுப்பு இருக்கு; ஈரம் காக்கும் கட்டு பி வகுப்பு, தயாரிப்பு உரிமம் மாநில அளவிலேயே கிடைக்கும். உடம்புக்குள் கரையற பொருள்தான் டி, அது மத்திய அமைப்புக்குப் போகும்.

ஓசூர்_பாலிமர்:
ஆழமான புண்ணுக்குன்னு அட்டையில் எழுதினா சி ஆயிடும், பார்த்துக்கங்க. முதலில் 3 பருவத்துக் கூட்டில் தனித்தனியா படலம் போட்டு, படலத்தை ஊறவெச்ச சாறை எல்929ங்கிற எலி செல்களில் விட்டு நச்சுச் சோதனை பண்ணுங்க. உயிரோட இருக்கிற செல் 70%க்குக் கீழே போனா அந்தத் தொகுதியைக் கொட்டிட்டு, அலசறதிலிருந்து திரும்ப ஆரம்பிக்கணும்.